களைப்பை வாங்கிக்கொண்ட ஊர்

நான் பயந்த சுபாவம். பி.டி. டீச்சர் என்றால் விசிலும் கையுமாக நின்று பிள்ளைகளை நடுங்க வைப்பவள் என்று நினைப்பார்கள், என் விஷயத்தில் நடுங்குகிறவள் நான்தான். பந்து யார் பல்லைப் பெயர்க்குமோ, எந்தப் பிள்ளை வெயிலில் சுருண்டு விழுமோ, எந்தத் தகப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வருவானோ என்று வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பயந்துகொண்டே மைதானத்துக்குப் போய் வந்தவள், மேலக்கரட்டுப்பட்டி பெண்கள் ஹாக்கி அணிக்கு நடந்ததை இப்போது வாய்விட்டுச் சொல்கிறேன் என்றால், சொல்லாமல் வைத்திருப்பது அதைவிடப் பயமாக இருக்கிறது என்று அர்த்தம்.

மேலக்கரட்டுப்பட்டி கரிசல் ஊர். மழை பெய்தால் மண் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், பெய்யாவிட்டால் வெடித்து வாய் பிளந்து நிற்கும். பெண்களில் பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள், ஆண்களில் பாதிப் பேர் அந்தத் தீப்பெட்டியை வடக்கே ஏற்றிப் போகிற லாரியில் இருக்கிறவர்கள், மீதிப் பேர் டீக்கடைப் பெஞ்சில் இருக்கிறவர்கள். அப்படிப்பட்ட ஊரில் யார் எப்போது கொண்டுவந்து போட்டார்களோ, ஹாக்கி பிடித்துக்கொண்டது. அங்கே மட்டை என்றால் ஹாக்கி மட்டைதான். பிறந்த குழந்தைக்குத் தொட்டில் கட்டும்போது அதன் தாய்மாமன் பழைய மட்டை ஒன்றைத் தொட்டிலின் குறுக்கே கட்டைக்குப் பதிலாகச் செருகுவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆட்டம் என்றால் பிள்ளைகளுக்கு உயிர். பயிற்சி என்றால் வேம்பு. சாயங்காலம் நாலரைக்கு மைதானத்தைப் பத்துச் சுற்று ஓட வேண்டும், அப்புறம் முதுகை வளைத்துக்கொண்டு கல்லுக்குக் கல் பந்தை உருட்டிப் போய்த் திரும்ப வேண்டும், அதை முப்பது தடவை செய்ய வேண்டும். பதினாறு பிள்ளைகளும் வயிற்றுவலி, காதுகுத்து, பெரியப்பா சாவு என்று காரணம் சொல்லுவார்கள். ஒருத்திக்கு ஒரே வருஷத்தில் நாலு பெரியப்பா செத்தார்கள். எனக்கு அதட்ட வராது, அதனால் கெஞ்சுவேன். கெஞ்சுகிற டீச்சருக்காக யார் பத்துச் சுற்று ஓடுவார்கள்?

அந்த வருஷம் எங்களை மூன்று நாள் பயிற்சி முகாமுக்கு அனுப்பினார்கள். உழைப்பை விளையாட்டாக மாற்றிக் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் உழைக்கிறோம் என்பதே தெரியாமல் உழைப்பார்கள் என்று ஒருவர் திரையில் படம் போட்டுச் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். திரும்பி வந்த அன்று சாயங்காலம் பதினாறு பேரையும் வட்டமாக உட்கார வைத்து, பஸ்ஸில் வரும்போது நானாக யோசித்த ஒரு விளையாட்டைச் சொன்னேன்.

களைப்பையும் ஒரு பந்தாக நினைத்துக்கொள்ளுங்கள், பந்தைக் காலடியில் போட்டுக்கொண்டு நிற்கிறவள் தோற்றவள், வந்த கையோடு பாஸ் பண்ணிவிட வேண்டும் என்றேன். ஓடும்போது யாருக்கு முதலில் மூச்சு வாங்குகிறதோ அவள் பக்கத்தில் ஓடுகிறவளின் உள்ளங்கையில் தன் உள்ளங்கையை ஓங்கித் தட்டி, "இந்தா, பிடி" என்று சொல்ல வேண்டும். வாங்கினவள் மூட்டை தூக்கியவள் மாதிரி நொண்டி, முனகி, நாக்கைத் தள்ளி, அடுத்தவளைத் துரத்திப் பிடித்துக் கொடுக்க வேண்டும். விசில் ஊதும்போது அது யார் கையில் இருக்கிறதோ அவள் மட்டைகளை எல்லாம் சுமந்துகொண்டு போய் அறையில் வைக்க வேண்டும். இவ்வளவுதான் விளையாட்டு.

ஒரே வாரத்தில் பத்துச் சுற்று இருபதாயிற்று. பெரியப்பாக்கள் சாவதை நிறுத்தினார்கள். மணி அடித்ததும் மைதானத்துக்கு எனக்கு முன்னால் பிள்ளைகள் வந்து நின்றார்கள். இந்தா பிடி, இந்தா பிடி என்று ஒருத்தியை ஒருத்தி துரத்திக்கொண்டு, சிரித்துக்கொண்டு, விழுந்து எழுந்து, மறுபடி துரத்திக்கொண்டு அவர்கள் ஓடுவதைப் பார்க்கத் தெருவில் போகிற ஆட்கள் சைக்கிளை நிறுத்தினார்கள். பிறந்ததிலிருந்து அந்த ஒரு மாதம்தான் நான் பயப்படாமல் இருந்தேன் என்று நினைக்கிறேன்.

பயம் திரும்பி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, நாலே முக்கால் மணிக்கு. தீப்பெட்டி ஆபீஸ் விட்டுப் போகிற சீனியம்மாள், பள்ளிக்கூடத்து மதில் இடிந்த இடத்தில் வழக்கம்போல நின்று மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் செண்பகம் எங்கள் அணியின் முன்கள ஆட்டக்காரி. காலில் சக்கரம் கட்டியவள், வாயும் அப்படித்தான். அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து களைப்பை அவளிடம் கொடுத்துவிட்டு அவளுக்குச் சிக்காமல் சிதறி ஓடிக்கொண்டிருந்தார்கள். செண்பகம் துரத்திப் பார்த்தாள், முடியவில்லை. மதில் இடுக்கில் அம்மாவின் கை நீண்டிருப்பது தெரிந்தது. ஓடுகிற ஓட்டத்தில் அந்த உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டி, "இந்தாம்மா, பிடி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சீனியம்மாள் சிரித்தாள். சிரித்தபடியே மதிலில் சாய்ந்தாள், அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். மைதானத்தில் பதினாறு பேருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு சமமாயிற்று, வியர்வை காய்ந்தது, வளைந்த முதுகுகள் நிமிர்ந்தன, காலையில் குளித்துவிட்டு வந்தவர்கள்போல் பதினாறு பேரும் நின்றார்கள். சீனியம்மாள் "நல்ல களைப்பாத்தான் இருக்கு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

நான் பயந்துபோனேன். காரணம் இருந்தது. சீனியம்மாளுக்குச் சின்ன வயதில் மூட்டுக்காய்ச்சல் வந்து இதயத்தில் வால்வு கெட்டிருந்தது. படி ஏறக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததை, ஆஸ்பத்திரி நாட்களில் லீவு கேட்கும்போது செண்பகம்தான் என்னிடம் சொல்லியிருந்தாள். ஓடிப் போய் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். நூல் சிக்கின தையல் மெஷின் மாதிரி நின்று நின்று ஓடியது. ஒரு மணி நேரம் கழித்து அவள் எழுந்து, நேரமாகிவிட்டதே, உலை வைக்க வேண்டுமே என்று நடந்தாள். வழி மறித்து, இனிமேல் எக்காரணம் கொண்டும் கை நீட்டக் கூடாது என்று சத்தியம் கேட்டேன். கேட்டவுடனே செய்து கொடுத்தாள். தாய்மார்கள் அவ்வளவு சீக்கிரம் செய்து கொடுக்கிற சத்தியத்தை நம்பியது என் புத்தி.

ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. செண்பகத்தோட களைப்பு சீனியம்மாளுக்கு வந்துவிட்டதாம் என்று, கோழி அடுத்த வீட்டில் முட்டையிட்டதைச் சொல்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டார்கள். மறுநாள் இருபது வருஷமாக டீக்கடைப் பெஞ்சைத் தவிர வேறெங்கும் உட்கார்ந்தறியாத வேலுச்சாமி மதில் பக்கம் வந்து கை நீட்டினார். களைப்பு என்று எல்லோரும் சொல்லுகிறார்களே, அது எப்படித்தான் இருக்கும் என்று ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே நாற்பது சுற்றின் களைப்பை அவர் கையில் வைத்தார்கள். மனுஷன் மறுநாள் மதியம்வரை தூங்கி எழுந்தார். அன்றைக்கு அவர் பெண்சாதி கல்யாணமாகி முதல்முறையாக அவருக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்தாள் என்று கேள்விப்பட்டேன்.

அப்புறம் யாரைச் சொல்வது, யாரை விடுவது. தூக்கம் வராதவர்கள் வந்தார்கள், லாரியிலிருந்து இறங்கி நாலு நாள் மட்டும் ஊரில் இருக்கிற தகப்பன்மார்கள் மகளுக்கு எதையாவது செய்துவிட வேண்டும் என்று வந்தார்கள், ஹெட்மாஸ்டர் ஆன நாளிலிருந்து கண்ணை மூடாத எங்கள் ஹெட்மாஸ்டர் வந்து ஒரு பெனால்டி கார்னர் பயிற்சியின் களைப்பை வாங்கிக்கொண்டு ஆபீஸ் மேஜையிலேயே மறுநாள் காலை பிரேயர்வரை குறட்டை விட்டார். கூட்டம் நெருக்கியடிக்கவும் ஊர்க் கூட்டம் போட்டு முறை வைத்தார்கள். திங்கள் கீழத்தெரு, செவ்வாய் மேலத்தெரு, புதன் ஸ்டேஷன் தெரு, வியாழன் சர்ச் தெரு. மதில் ஓரமாகப் பாய் விரித்து, கைகழுவத் தண்ணீர் வைத்து, பந்திக்கு உட்காருகிற மாதிரி வரிசையாக உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டினார்கள். சர்ச் தெருக்காரர்கள் தலையணையும் கொண்டுவந்தார்கள். தூங்கி வழிந்த பெண்கள் தீப்பெட்டிக்கு லேபிளைத் தலைகீழாக ஒட்டினார்கள். அந்தப் பெட்டிகள் வடக்கே போயின, அங்கே கடைக்காரர்கள் அதே மாதிரித் தலைகீழ்ப் படம் போட்டதே வேண்டும் என்று கேட்டு எழுதினார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் ஊருக்கே இரத்தச்சோகை என்று முடிவு கட்டி, வீட்டுக்கு வீடு இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் கை நீட்டக் கூடாது என்று நான் ஒரு அட்டையில் எழுதி மதிலில் தொங்கவிட்டேன். சீனியம்மாள் தினமும் அதைப் படித்துவிட்டு, இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

அணி ஜெயித்தது. வட்டத்தில் ஜெயித்தது, மாவட்டத்தில் ஜெயித்தது, எதிரணிப் பிள்ளைகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் எங்கள் பிள்ளைகள் அப்போதுதான் ஆட வந்தவர்கள்போல ஆடினார்கள். ஊர் மேளம் அடித்தது. எனக்கு மாலை போட்டார்கள். மாலையைப் போட்டுக்கொண்டு நிற்கும்போதும் எனக்குப் பயம் போகவில்லை.

ஏனென்றால் நான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். களைப்பு இல்லாத பிள்ளைகளுக்கு நிறுத்தத் தெரியவில்லை. விசில் ஊதினாலும் நிற்காமல் ஓடினார்கள். அணித்தலைவி ராஜபுஷ்பம் கணுக்கால் வீங்கிப் பாதம் செருப்புக்குள் நுழையாமல் இருப்பதைக் கவனிக்காமலே அறுபது சுற்று ஓடினாள். கொடுக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் களைப்பும் பெருத்தது. முதலில் ஒரு ராத்திரித் தூக்கம்போல இருந்தது ஒரு நாளாயிற்று, இரண்டு நாளாயிற்று. வேலுச்சாமி ஒரு தடவை மூன்று நாள் எழவில்லை, அவர் பெண்சாதி கஞ்சியைக் கரண்டியில் ஊற்றி உயிரைப் பிடித்து வைத்தாள். எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது வேறு. ஆரம்பத்தில் பிள்ளைகள் கையில் தட்டும்போது மாமா என்றும் சித்தி என்றும் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தட்டுவார்கள். போகப் போக முகத்தைப் பார்ப்பதை விட்டார்கள். வரிசையாகக் கைகள் நீண்டிருக்கும், இவர்கள் ஓடுகிற ஓட்டத்தில் தட்டிக்கொண்டே போவார்கள், பின்னால் ஆட்கள் ஒவ்வொருவராகச் சரிவார்கள், ஒருத்தியும் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

விளையாட்டைக் கொண்டுவந்தவள் நான். ஒரு விசில் ஊதி, இன்றோடு இது கிடையாது என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். சொல்லவில்லை. பிள்ளைகள் சிரிக்கிறார்கள், ஊர் சிரிக்கிறது, மறுபடி பழைய பயிற்சிக்குப் போனால் யார் வருவார்கள், நான் கெஞ்சுகிறவளாகத்தானே நிற்பேன் என்று அதற்கும் பயந்தேன். ஹெட்மாஸ்டரிடம் ஒரு நாள் ஆரம்பித்தேன். அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே, இறுதிப் போட்டி முடியட்டும் டீச்சர், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது.

இறுதிப் போட்டி நகரத்தில். செயற்கைப் புல்லில் தண்ணீர் தெளித்து வைத்திருந்த மைதானம். எங்கள் பிள்ளைகள் அதைக் குனிந்து தடவிப் பார்த்தார்கள், கல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஊரிலிருந்து தாட்டியான பன்னிரண்டு பேரைப் பொறுக்கி, பாயும் கையுமாக வேனில் கூட்டி வந்திருந்தோம். அவர்களோடு சீனியம்மாளும் ஏறி உட்கார்ந்திருந்தாள். மகள் ஆட்டத்தைப் பார்க்க வருகிறவளை நான் என்ன சொல்லி இறக்குவது? மைதானத்தின் அந்தக் கோடியில் பந்தலுக்குக் கீழே உட்கார வைத்து, ஒரு கூடை ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்து, இடைவேளைக்குள் எல்லாவற்றையும் உரித்து வையுங்கள் என்றேன். கையில் வேலை இருந்தால் நீட்டத் தோன்றாது என்பது என் நினைப்பு. இரண்டு கூடைப் பழம் வாங்கியிருக்கலாம்.

எதிரணி பெரிய ஊர் அணி. முதல் கால்பகுதியில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள், இரண்டாவதில் செண்பகம் ஒன்று போட்டாள். அந்த வழுக்குத் தரையில் ஓட நம் மண்ணில் ஓடுவதைப்போல இரண்டு மடங்கு கால் வலு வேண்டியிருந்தது. கயிற்றோரத்தில் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகப் பாயில் சரிந்தார்கள். வெயில் தாங்கவில்லை போல என்று போட்டி நடத்துகிறவர்கள் குளுக்கோஸ் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றாவது கால்பகுதி முடியும்போது ஒன்பது பேர், நாலாவதில் ஐந்து நிமிஷம் மிச்சமிருக்கும்போது பன்னிரண்டு பேரும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்றுக்கு ஒன்று. அந்த நேரத்தில்தான் பதினொரு பேரின் களைப்பும் தட்டித் தட்டி, கடைசியாகச் செண்பகத்தின் கைக்கு வந்து நின்றது.

அவள் கயிற்றோரமாகவே ஓடி வந்தாள். கை தேடினாள். எல்லாக் கையும் பாயில் மல்லாந்து கிடந்தன. நான் மறுபக்கத்தில் நின்றேன், அங்கேயிருந்து பார்த்தேன், பந்தலுக்குக் கீழே சீனியம்மாள் உரித்துக்கொண்டிருந்த பழத்தைக் கூடையில் வைத்தாள், சாறு பட்ட கையை முந்தானையில் துடைத்தாள், எழுந்தாள், அவசரப்படாமல், படி ஏறக் கூடாத ஆட்கள் எப்படி நடப்பார்களோ அப்படி நடந்து கயிற்றுக்கு வந்தாள். நான் ஓடினேன். கோல் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது, கத்தினேன், சத்தம் வந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

செண்பகம் யார் கை என்று பார்த்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"வேண்டாம்மா, நீ போ. நீ போம்மா."

"நான் உனக்கு வேற என்னத்தக் குடுத்திருக்கேன்?" என்றாள் சீனியம்மாள். "இதையாவது வாங்கிக்கிடுறேன். கொண்டா."

மகள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். தாய் கயிற்றுக்கு மேலே குனிந்து, எட்டி அந்தக் கையைப் பிடித்துவிட்டாள்.

அவள் விழுந்ததை நான் பார்த்தேன். அதைவிடப் பயங்கரமாக ஒன்றையும் பார்த்தேன். களைப்பு போன உடம்பு லேசாகிவிட்டது. பந்து அந்த நேரம் பார்த்துச் செண்பகத்தின் மட்டைக்கு வந்தது, அவள் அழுதுகொண்டே திரும்பினாள், அழுதுகொண்டே மூன்று பேரைத் தாண்டினாள், அழுதுகொண்டே கோல் போட்டாள். மனசு அம்மாவிடம் நின்றது, கால் கோலுக்குப் போயிற்று. கோல் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் மட்டையைப் போட்டுவிட்டு அம்மாவிடம் ஓடிவந்தாள். நாங்கள் ஜெயித்தோம். கோப்பையை யார் வாங்கினார்கள் என்றுகூட எனக்கு நினைவில்லை.

பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். தூக்கமா மயக்கமா என்று சொல்ல முடியவில்லை என்றார்கள். இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் காலையில் டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, ஓடாத தூரத்தை எல்லாம் ஓடி முடித்த மாதிரி இருக்கிறது இந்த இதயம், இன்றைக்குத் தாங்கும், நாளைக்கு என்னால் சொல்ல முடியாது என்றார். செண்பகம் கட்டிலை விட்டு நகரவில்லை. அம்மாவின் உள்ளங்கைக்குக் கீழே தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, திருப்பிக் கொடு, திருப்பிக் கொடு என்று கேட்டபடி இருந்தாள். ஒன்றும் வரவில்லை. வாங்கினவர்கள் யாரும் அதுவரை திருப்பிக் கொடுத்ததில்லை, தூங்கித்தான் தீர்த்திருக்கிறார்கள். சீனியம்மாளுக்குத் தூங்கித் தீர்க்கிற அளவுக்கு இதயம் இல்லை.

மற்றப் பதினைந்து பேரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ராஜபுஷ்பம்தான் அதைச் சொன்னாள்.

"அத்தை ஆட்டத்துல இல்லையே டீச்சர். வெளியாளு வாங்கலாம், குடுக்க முடியாது. சேத்துக்கிட்டா குடுத்துருவாக."

பதினாறு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆளைச் சேர்க்கிற உரிமை டீச்சருக்குத்தான். இவ்வளவு நாள் பயந்ததெல்லாம் சும்மா என்று தோன்றுகிற மாதிரிப் பயந்தேன். சேர்க்காவிட்டால் தாய் போவாள். சேர்த்தால், பெரியவர்களையே மூன்று நாள் சாய்த்துப்போட்டது, பதினாறு வயதுப் பிள்ளையை என்ன செய்யும்? கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து, நர்ஸுக்குக் கேட்காத அளவுக்கு மெல்ல ஊதினேன். சீனியம்மாள், பதினேழாவது ஆள் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. செண்பகத்துக்குக் கேட்டது.

அவள் அம்மாவின் காதோடு குனிந்தாள். "அம்மா, நீயும் ஆட்டத்துல உண்டு. கையிலயே வச்சிருந்தா தோத்துருவ. பாஸ் பண்ணும்மா."

பிறகு சீனியம்மாளின் உதடு அசைந்தது. இந்தா என்ற மாதிரி இருந்தது.

வந்தது. முதலில் இறுதிப் போட்டியின் களைப்பு வந்தது. செண்பகம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், சமாளித்துவிட்டாள், முடிந்தது என்று நாங்கள் மூச்சுவிட்டோம். முடியவில்லை. வந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு மதிலில் வாங்கின களைப்பு வந்தது, அதற்கு முந்தின வருஷத்துக் களைப்பு வந்தது, காலை ஐந்து மணிக்கு எழுந்து பொங்கி வைத்துவிட்டுத் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் நின்றுகொண்டே போன களைப்பு வந்தது, தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்து குடம் சுமந்த களைப்பு வந்தது, புருஷன் லாரியில் இருக்க ஒற்றை ஆளாய்ப் பிள்ளை பெற்ற களைப்பு, அந்தப் பிள்ளைக்கு அம்மை போட்டபோது உட்கார்ந்தே இருந்த பதினொரு நாள் களைப்பு, கெட்ட வால்வோடு அத்தனையையும் செய்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொன்ன களைப்பு, அதற்கும் கீழே, ஒன்பது வயதில் மரச் சட்டத்தில் தீக்குச்சி அடுக்க உட்கார்ந்த நாளிலிருந்து அடிப்பானையில் தங்கின களைப்பு எல்லாம் வந்தது. செண்பகத்துக்கு முட்டி மடங்கியது. ராஜபுஷ்பம் கையை நீட்டினாள், செண்பகம் கொஞ்சம் கொடுத்தாள், ராஜபுஷ்பத்துக்கு அடுத்தவள் நீட்டினாள், அவளுக்கு அடுத்தவள், கட்டில்களுக்கு நடுவிலும் வராந்தாவிலுமாகப் பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள், படுத்தார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. கடைசியில் மிச்சம் இருந்ததற்கு நான் கை நீட்டினேன். எனக்கு வந்தது சீனியம்மாளின் ஒன்பது வயதின் ஒரே ஒரு மதியம். அதன் பிறகு பொழுது சாயும்வரை என்னால் கையைத் தூக்கிக் கண்ணைத் துடைக்க முடியவில்லை.

செண்பகம் தரையில் சாய்வதற்கு முன்னால் என்னைப் பார்த்தாள். "டீச்சர், இது ஆடுன களைப்பு இல்லையே" என்றாள். அப்புறம் கண்ணை மூடினாள்.

சீனியம்மாள் கண்ணைத் திறந்தாள். எழுந்து உட்கார்ந்து மணி என்ன என்று கேட்டாள். டாக்டரம்மா வந்து நாடி பார்த்து, வால்வு கெட்டது கெட்டதுதான், ஆனால் துடிப்பு ஒழுங்காகிவிட்டது என்றார். சீனியம்மாள் தன் இரண்டு கையையும் முகத்துக்கு நேராக வைத்து, வேறு யாருடையதோ என்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகுதான் தரையில் படுத்திருந்த பிள்ளைகளைப் பார்த்தாள்.

ஊரே திரண்டு வந்தது. தகப்பன்மாரும் தாய்மாரும் மகள்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கை நீட்டினார்கள், தூங்குகிறவர்களிடமிருந்து எதுவும் வரவில்லை. வேலுச்சாமி வராந்தாவில் எல்லாப் பிள்ளைகளின் காலடியிலும் போய்ப் போய் நின்றார். இரண்டாம் நாள் ராஜபுஷ்பம் எழுந்தாள், அவளுக்குப் பின்னால் ஒருத்தி ஒருத்தியாக மற்றவர்களும் எழுந்தார்கள், எழுந்து அவரவர் அம்மாவின் கூடையை வாங்கித் தங்கள் தோளில் மாட்டிக்கொண்டார்கள். மூன்றாம் நாளும் செண்பகம் மட்டும் எழவில்லை. அவள் வாங்கினது அதிகம். இப்போது அவளைக் கட்டிலில் போட்டிருந்தார்கள், சீனியம்மாள் பக்கத்து ஸ்டூலில் இருந்தாள். நான் சுவரோரத்தில் நின்றேன்.

சீனியம்மாள் மகளின் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"குடுத்துரு தாயீ" என்றாள். "எனக்குப் பழகுனது. உனக்குத் தாங்காது."

செண்பகம் கண் திறக்கவில்லை. தூக்கத்திலேயே விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, கையை இறுக்கி மூடி, அதை நெஞ்சோடு இழுத்துக்கொண்டு, அம்மாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்தாள்.